டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கிறவங்கள வீட்ல வச்சு பாத்துக்குறவங்களுக்கு குரூப் மாதிரி ஏதாச்சும் இருக்கா? நேர்ல நல்லதா ஆன்லைன் நல்லதா?

கும்பகோணம்_மருமக:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ, நீளமா போனா பொறுத்துக்கோங்க. எங்க அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 76 வயசு. தஞ்சாவூர்ல நியூராலஜி டாக்டர் பாத்து ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்து அல்சைமர்னு சொல்லிட்டாரு, அது டிமென்ஷியால ஒரு வகையாம். அதுக்கு டோனெபெசில்னு ஒரு மாத்திரை போகுது. டாக்டர் நல்லவர்தான், ஆனா வெளில அத்தன பேர் டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கப்ப நம்ம கதைய எவ்வளவு நேரம் கேப்பாரு சொல்லுங்க.

சாயங்காலம் நாலரை அஞ்சு ஆனா போதும், மஞ்சப்பைல ரெண்டு சேலைய மடிச்சு வச்சிக்கிட்டு வாசல்ல நின்னுடுவாங்க, மன்னார்குடி பஸ் போயிடும், எங்கம்மா தேடும், கதவ தொறடின்னு. அந்த மன்னார்குடி வீடே இப்ப இல்ல, வித்து இடிச்சு கல்யாண மண்டபம் கட்டியாச்சு. அத சொன்னா இன்னும் மோசமா போயிடுது, ஒப்பாரி வச்சு அழறாங்க. கழுத்து செயின கழட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டு நான்தான் எடுத்துட்டேன்னு எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டாங்க, அந்தக்கா நம்பல, ஆனா நம்புற ஆளும் தெருவுல இருக்கத்தான செய்வாங்க.

இதெல்லாம் கூட பரவால்லங்க. சென்னைல இருக்கற என் நாத்தனார் ஞாயித்துக்கிழம வீடியோ கால்ல வந்தா அத்தை அப்படி பேசுவாங்க, சாப்ட்டியா, புள்ளைங்க படிக்குதா, மாப்ள வேலைக்கு போறாரான்னு. உடனே "அம்மா நல்லாத்தான பேசுறாங்க அண்ணி, நீங்கதான் ரொம்ப டென்ஷன் ஆவுறீங்க"ன்னு ஒரு வார்த்த. போன வச்சுட்டு பாத்ரூம்ல போயி தண்ணிய தொறந்து விட்டு அழுவேன்.

நான் டியூஷன் எடுத்துட்டு இருந்தேன், அதயும் விட்டாச்சு. என் மாதிரி பாத்துக்குறவங்க கூடி பேசுற குரூப் எல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். டெல்டா பக்கம் எதாவது இருக்கா? இல்ல ஆன்லைன்ல சேர்றதா? எங்க வீட்டுக்காரரு நம்ம வீட்டு விஷயத்த ஊர்ல போயி ஏன் சொல்லணுங்கறாரு. போனவங்க நெஜமா எதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சான்னு சொல்லுங்க, ஆறுதல் வார்த்தை வேணாம், அது நெறைய கெடைக்குது.

அம்பத்தூர் அக்கா:

அந்த வீடியோ கால் விஷயத்த படிச்சதும் சிரிச்சுட்டேன்ம்மா, தப்பா எடுத்துக்காத, ஏன்னா இது எல்லா வீட்லயும் அப்படியே நடக்குது. விருந்தாளி வந்தா, போன் வந்தா பத்து பதினஞ்சு நிமிஷம் அவங்க பழைய ஆளா மாறி நிப்பாங்க, வாய் பழகுன பேச்சு, சாப்ட்டியா நல்லாருக்கியா எல்லாம் ரொம்ப நாளைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். டாக்டர் முன்னாடி கூட அப்படித்தான். அவங்க போனப்பறம் அந்த பாரம் உன் தலைல வந்து விழும், களைப்புல ரெண்டு மடங்கு படுத்துவாங்க.

நான் எங்கப்பாவ பாத்துக்குறேன், வாஸ்குலர் டிமென்ஷியா, ஸ்ட்ரோக்குக்கு அப்பறம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரில மாசம் ஒரு தடவ கேர்கிவர், அதான் பாத்துக்குறவங்களுக்கான மீட்டிங் வைக்கிறாங்க, அதுக்கு போயிட்டு இருக்கேன். அங்க யாரும் லெக்சர் அடிக்கிறது இல்ல. வட்டமா சேர் போட்டு ஒவ்வொருத்தரா அந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு சொல்வாங்க, கூட ஒரு சைக்காலஜிஸ்ட் இருப்பாங்க, அவ்ளோதான். ஒருத்தர் எங்கம்மா டிவில நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்கு காபி ஆத்தி வச்சிருக்காங்கன்னு சொல்ல அறையே சிரிச்சுச்சு. இத நீ உன் சொந்தக்காரங்ககிட்ட சொன்னா ஒண்ணு அய்யோ பாவம்னுவாங்க, இல்ல உன்ன ஒரு மாதிரி பாப்பாங்க.

பிரயோஜனம்னு கேட்டல்ல. எங்கப்பா குளிக்கவே மாட்டாரு, தலைல தண்ணி ஊத்துனா அடிக்க வருவாரு. அங்க வந்த ஒரு அம்மா சொன்னாங்க, குளிக்கலாம் வாங்கன்னு சொல்லாத, முதல்ல வெதுவெதுன்னு தண்ணிய கால்ல ஊத்து, பேசிக்கிட்டே முட்டி, அப்பறம் கை, தலைய கடைசில பாத்துக்கலாம், தோள்ல ஒரு துண்ட போத்தி விட்டு ஊத்து, அம்மணமா நிக்கிற கூச்சம் அவங்களுக்கு இன்னும் போகலன்னு. பாத்ரூம்ல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஒக்கார வச்சு இப்ப குளிக்கிறாரு, தினமும் இல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள், போதும். எந்த டாக்டரும் இத சீட்டுல எழுதித் தர மாட்டாரு.

உன் நாத்தனாருக்கு ஒரு வழி சொல்றேன், சண்ட போடாத, விளக்கம் குடுக்காத. "எனக்கு எங்கம்மா வீட்டுக்கு போகணும், நீ வந்து ரெண்டு ராத்திரி இரு"ன்னு மட்டும் சொல்லு. எங்கண்ணன் ஒரு சனி ஞாயிறு இங்க வந்து தங்கினாரு, திங்கக்கிழம காலைல அட்டெண்டர் சம்பளத்துல பாதி நான் தரேன்னு அவரே வாய தொறந்தாரு.

சென்னைக்கு எப்பவாவது வந்தா அண்ணா நகர்ல ஸ்கார்ஃப் இருக்கு, மனநலத்துக்காக 1984ல ஆரம்பிச்ச அமைப்பு, வயசானவங்க டிமென்ஷியாவுக்குன்னே டெம்கேர்ஸ்னு தனி பிரிவு வச்சிருக்காங்க. அப்பறம் ஏஆர்டிஎஸ்ஐன்னு அல்சைமர் சங்கம், 1992ல கேரளால தொடங்குனது, சென்னைலயும் கிளை இருக்கு. போன் பண்ணி குடும்பத்துக்காரங்க மீட்டிங் எப்பன்னு கேளு.

ஒண்ணே ஒண்ணு, நான் மீட்டிங் போற அந்த மூணு மணி நேரம் அப்பாவ யாரு பாத்துக்குறது? அது தெரியாம மீட்டிங் தெரிஞ்சு ஒரு லாபமும் இல்ல. பக்கத்து வீட்டு பையன் பிளஸ் டூ படிக்கிறான், அவன்தான் வந்து ஒக்காந்து அப்பாகூட கேரம் ஆடுவான், ஸ்ட்ரைக்கர தூக்கி பையில போட்டுக்குவாரு, அவன் வேற ஒண்ணு வச்சிருப்பான்.

பாளையங்கோட்டை_ரிட்டயர்டு:

சகோதரிக்கு வணக்கம். வங்கியில குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்றவன் நான், என் மனைவிக்கு இந்த நோய். எங்க ஊர்ல நேர்ல கூடுற மாதிரி எதுவும் எனக்கு கிடைக்கல, சென்னைக்காரங்க மாசா மாசம் மீட்டிங் போறோம்னு சொல்லும்போது பொறாமையா இருக்கும், மறைக்க என்ன இருக்கு.

அதனால எனக்கு வாட்ஸப் குரூப்தான். அதோட பலம் என்னன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் எவனாவது முழிச்சிருப்பான். இவ நடுராத்திரி எந்திரிச்சு அடுப்படில பாத்திரத்த உருட்டிக்கிட்டு இருப்பா, புள்ளைங்க ஸ்கூலுக்கு போகணும்னு, புள்ளைக்கே இப்ப நரைச்சாச்சு. அந்த நேரத்துல "இங்கயும் அதே கதைதான் அண்ணாச்சி"ன்னு ஒரு மெசேஜ் வந்தா அதுவே கொஞ்சம் தெம்பு. நேர்ல கூடுற கூட்டத்துல அந்த சுகம் கிடைக்காது, அங்க எல்லாரும் குளிச்சு சட்ட மாத்திட்டு வந்து ஒக்காந்திருப்பாங்க.

ஆனா குரூப்ல சேருறதுக்கு முன்ன அட்மின் யாருன்னு பாருங்க. நான் முதல்ல இருந்த ஒரு குரூப்ல விடிஞ்சா தேங்காய் எண்ணெய், வல்லாரை லேகியம், 90 நாள்ல ஞாபகசக்தி திரும்பும், கூரியர்ல அனுப்புறோம், இதேதான். இன்னைக்கு தேதிக்கு இத திருப்பி சரி பண்ற மருந்து உலகத்துல இல்ல, இருக்கிற மாத்திரை கொஞ்ச காலம் தள்ளிப்போடும், சிலருக்கு அதுவும் இல்ல. இன்னொன்னு, நோயாளிய வீடியோ எடுத்து போடுறாங்க, சேல நழுவி கெடக்கறத கூட. என் மனைவி டீச்சரா இருந்தவ, அவகிட்ட படிச்ச புள்ளைங்க எந்த குரூப்ல இருக்காங்கன்னு யாருக்கு தெரியும். உங்க வீட்டுக்காரர் சொல்றதுல இந்த ஒரு பங்கு நியாயம் இருக்கு, அதுக்கு பேரு போடாம எழுதலாம், போட்டோ போடாம இருக்கலாம், பேசாமலே இருக்கறது வழி இல்ல.

மன்னார்குடி பஸ்ஸுக்கு: இல்லன்னு சொல்லாதீங்க. "சரி போலாம், இருங்க நானும் வர்றேன், காபி குடிச்சுட்டு போவோம்"னு கூட தெருமுனை வரைக்கும் நடங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக வேணாம், பிள்ளையார் கோயில் வந்ததும் மறந்துரும். வெளிச்சம் மங்குறப்பதான் இது கூடுது, அதனால நாலு மணிக்கே வீட்ல எல்லா லைட்டையும் போட்டு வைங்க, திரைய மூடிடுங்க. என் வீட்ல பாதி நாள் கேக்குது, பாதி நாள் கேக்கல.

நைட்_டூட்டி_நர்ஸ்:

மேல சொன்னதெல்லாம் கரெக்ட், நான் ஆஸ்பத்திரி பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்றேன், வார்டுல தினமும் பாக்குறது.

மறதி மெல்லத்தான் கூடும். ரெண்டு மூணு நாள்ல திடீர்னு ஆள் தலைகீழா மாறி, இல்லாத ஆள் தெரியறது, பகல்ல தூங்கி வழியறது, நடக்க முடியாம தள்ளாடுறதுன்னா அது டிமென்ஷியா முத்திடுச்சுன்னு வீட்லயே வச்சுக்காதீங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன், சோடியம் கொறைச்சல், மலச்சிக்கல், கீழ விழுந்து தலைல ரத்தம் கட்டுறது, இதுல எதாவது இருக்கும், சரி பண்ணா நெறைய பேர் பழைய நிலைக்கு வந்துடுவாங்க. காய்ச்சலே இல்லாம யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கும் வயசானவங்களுக்கு. சளி, அரிப்புக்குன்னு மெடிக்கல்ல குடுக்குற பழைய தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரைய தூங்கட்டுமேன்னு குடுக்காதீங்க, குழப்பம் இன்னும் ஏறும். ஆக்ரோஷத்துக்கு குடுக்குற மனநல மாத்திரையும் டாக்டர் சொல்லாம டோஸ் ஏத்தாதீங்க, டிமென்ஷியா இருக்கிற வயசானவங்களுக்கு அதுல ஸ்ட்ரோக், உயிர் ஆபத்து கூடுதல்னு எச்சரிக்கையே இருக்கு, டிமென்ஷியால லூயி பாடின்னு ஒரு வகை, அது இருக்கிறவங்களுக்கு ஒடம்பு கட்ட மாதிரி வெறைச்சுடலாம்.

குரூப் கெடைக்கிற வரைக்கும் ரெண்டு நம்பர் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. 14567 எல்டர்லைன், முதியோருக்கான ஹெல்ப்லைன். 14416 டெலி மானஸ், மனநல ஹெல்ப்லைன், இது அவங்களுக்கு இல்ல, உங்களுக்கு, தமிழ்ல பேசலாம், 2022லேர்ந்து இருக்கு. பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டு அழுவேன்னு எழுதினீங்களே, அன்னைக்கு இதுல கூப்பிடுங்க. தூக்கம் போயி, பசி போயி, எதுலயும் பிடிப்பு இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுன்னா பாத்துக்குறவங்களுக்கே டிப்ரஷன் வந்திருக்கலாம், நெறைய பேருக்கு வருது, அதுக்கு வைத்தியம் இருக்கு.

மக்களைத் தேடி மருத்துவம்கிற அரசு திட்டத்துல உங்க ஏரியாவுக்கு வர்ற அக்காகிட்ட வீட்டு பேர பதிஞ்சு வைங்க, பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுத்த படுக்கை ஆனா நோய் தணிப்பு நர்சும் பிசியோவும் வருவாங்க. அது இப்ப உங்களுக்கு தேவைப்படாது, ஆனா பின்னாடி தேடி அலைய வேணாம்.

ஆன்லைன்லயே முறையா கத்துக்கணும்னா டபிள்யூஎச்ஓவோட (உலக சுகாதார நிறுவனம்) ஐசப்போர்ட்னு ஒரு பாடம் இருக்கு, பாத்துக்குறவங்களுக்குன்னே எழுதுனது, அஞ்சு பகுதி, அதுல ஒண்ணு முழுக்க நம்மள நாமளே பாத்துக்கறது பத்தி. நீங்க ஒண்ணும் அபூர்வமா மாட்டிக்கல, 2023ல வந்த ஆய்வு கணக்குப்படி நம்ம நாட்ல 60 வயசுக்கு மேல 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. அத்தன வீட்லயும் ஒரு ஆள் உங்கள மாதிரி முழிச்சிருக்காங்க, பெரும்பாலும் பொம்பளைங்க.

ஈசூன்_சிவா:

வணக்கம், சிங்கப்பூர்லேர்ந்து. எங்கம்மாவும் இதே. இங்க டிமென்ஷியா சிங்கப்பூர்னு ஒரு அமைப்பு, முன்ன அல்சைமர்ஸ் டிசீஸ் அசோசியேஷன்னு இருந்தது, பேர மாத்திட்டாங்க. அவங்க காரான்னு ஒரு ஆப் வச்சிருக்காங்க, அதுல பதிஞ்சா ஒரு கார்டு, அம்மா எங்கயாவது காணாம போயி யாராச்சும் அத ஸ்கேன் பண்ணா நமக்கு தகவல் வரும். அக்கம் பக்கத்துல சில கடை, லைப்ரரி, கம்யூனிட்டி கிளப்ல எல்லாம் கோ-டு பாயிண்ட்னு போர்டு இருக்கும், வழி தவறி வந்தவங்கள அங்க கொண்டு போயி விடலாம்.

இவ்வளவு இருந்தும் எனக்கு வந்த கஷ்டம் மொழில. அம்மா முப்பது வருஷம் மார்க்கெட்ல மலாய் பேசி யாவாரம் பண்ணவங்க, இங்கிலீஷும் சமாளிப்பாங்க, நோய் வந்ததும் பின்னால கத்துக்கிட்டதெல்லாம் முதல்ல போச்சு, இப்ப தஞ்சாவூர் தமிழ் மட்டும்தான் மிச்சம். டே கேர்ல எல்லாரும் அன்பாதான் இருக்காங்க ஆனா அம்மாவுக்கு என்ன வேணும்னு புரியல, ஒரு தமிழ் ஸ்டாஃப் இருக்கிற நாளு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவாங்க, அவங்க லீவுன்னா முகம் தொங்கிடும். அதனால சிஸ்டர், உங்களுக்கு இல்லாதது நெறைய, ஆனா அத்தை பேசுறது தெருவுக்கே புரியும்ல, அத பயன்படுத்துங்க. மூணு வீட்ல சொல்லி வைங்க, பெட்டிக்கடைல சொல்லி வைங்க, ஆட்டோ ஸ்டாண்டுல கண்டிப்பா சொல்லி வைங்க. மஞ்சப்பையோட தனியா பாத்தா கூட்டிட்டு வந்து விடுங்கன்னு. சேல முந்தானை உள்பக்கம் போன் நம்பர் எழுதுன துணிய தச்சு விடலாம், காகிதத்துல எழுதி குடுத்தா கிழிச்சு போட்டுடுவாங்க.

வெட்டிப்பேச்சு_வேணாம்:

எல்லாரும் ரொம்ப நல்லவங்களா பேசுறீங்க. நான் எங்க பெரியம்மாவ ஹோம்ல விட்டேன், வாரம் ஒரு தடவ போயி பாக்குறேன், சொந்தக்காரன் எவனும் எங்கிட்ட பேசுறது இல்ல, சந்தோஷம். முடியலன்னா விடலாம். ஆனா ஒண்ணு, சாதாரண முதியோர் இல்லத்துல பாதி பேர் டிமென்ஷியான்னா சேத்துக்கவே மாட்டாங்க, சேத்துட்டு ராத்திரி கத்துறாங்கன்னு ரெண்டாவது வாரம் கூட்டிட்டு போகச் சொல்வாங்க. ராத்திரில எத்தன பேருக்கு ஒரு ஆயா, கட்டி வைப்பீங்களான்னு நேரா கேளுங்க. இதுக்குன்னே நடத்துறது சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பக்கம் இருக்கு, காசு கண்ணக் கட்டும்.

கும்பகோணம்_மருமக:

எல்லாரும் இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. அம்பத்தூர் அக்கா, நாத்தனார்கிட்ட நீங்க சொன்ன அதே வார்த்தைல கேட்டேன், தீபாவளிக்கு அப்பறம் பாக்கலாம்னாங்க, பாப்போம். தெருமுனை நடை ரெண்டு நாளா பண்றேன் ஐயா, நேத்து பிள்ளையார் கோயில் வரைக்கும் கூட போகல, எலக்ட்ரிக் கடை வாசல்லயே "வெயிலா இருக்கு வாடி"ன்னு திரும்பிட்டாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன வெயிலோ. ஹோம் பத்தி சொன்னவருக்கும் தேங்க்ஸ், கோவம் இல்ல, கேள்விய குறிச்சு வச்சுக்கிட்டேன்.

ஐயா நீங்க பேங்க்ல இருந்தேன்னு சொன்னதால கேக்குறேன். மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவங்க, அத்தைக்கு ஃபேமிலி பென்ஷன் வருது. அவங்க கையெழுத்து இப்ப ஒவ்வொரு தடவயும் ஒவ்வொரு மாதிரி, பேங்க்ல ஸ்லிப்ப திருப்பிட்டாங்க. அவங்க சார்பா கையெழுத்து போட பவர் பத்திரம் எழுதி வாங்கிடுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, சரியா?

பாளையங்கோட்டை_ரிட்டயர்டு:

பவர் வேணாம்மா, காசு வேஸ்ட். பவர் குடுத்தவருக்கு புத்தி தெளிவு போயிட்டா அந்த பவர் அப்பவே செத்துப்போச்சு, இந்திய ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவு. முன்னாடியே எழுதியிருந்தாலும் இதே கதிதான், வெளில பத்திரம் எழுதுறவங்க இத சொல்ல மாட்டாங்க. வீடு நிலம்னு பெருசா எதாவது அவங்க பேர்ல இருந்து விக்கணும்னா ஹைகோர்ட்ல கார்டியனா நியமிக்கச் சொல்லி போகணும், அதுக்கு வக்கீல் பாருங்க.

மாசாந்திர பென்ஷனுக்கு அவ்ளோ தூரம் வேணாம். கையெழுத்து போட முடியாத வயசானவங்களுக்கு கைநாட்டு வச்சு பணம் எடுக்கலாம், பேங்குக்கு தெரிஞ்ச ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும், இது ரிசர்வ் பேங்க் சொன்ன வழி. கவுண்டர்ல பேசாதீங்க, மேனேஜர்கிட்ட டாக்டர் சர்டிபிகேட்டோட எழுத்துல குடுங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யணும்னும் சொல்லியிருக்கு, அதையும் அதே கடுதாசில கேளுங்க. உங்க வீட்டுக்காரர் பழைய முறைல வருமான வரி கட்டுறவரா இருந்தா, 1961 வருமான வரிச் சட்டத்து 80டிடிபி பிரிவுல அம்மா வைத்தியச் செலவுக்கு ஒரு லட்சம் வரைக்கும் கழிவு உண்டு, டிமென்ஷியா அந்த பட்டியல்ல இருக்கு, ஊனம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு நியூராலஜி டாக்டர் எழுதித் தரணும்.

நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் வரும், பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்காங்கன்னு குடுக்குற சான்று. போன்ல முகத்த காட்டி எடுக்குற ஆப்புல கண்ண சிமிட்டச் சொல்லும், என் மனைவிக்கு அது நடக்கவே இல்ல, போன பாத்து யாரு இவன்னு கேட்டா. போஸ்ட்மேன்கிட்ட சொன்னா ரேகை மெஷினோட வீட்டுக்கு வந்து எடுப்பாரு. காலைல வரச் சொல்லுங்க, சாயங்காலம் வேணாம்.